வீட்டுக் கொட்டகையில் 407 இன்ஜின் பிரித்த கதை

இன்ஜினை வீட்டில் பிரிக்காதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. பிரிக்கலாம். நான் பிரித்தேன், வேலை முடித்து மாட்டினேன், ஓட்டினேன், 430 கிலோமீட்டரில் மறுபடியும் பிரித்தேன். அந்த இரண்டாவது பிரிப்புக்கு மட்டும் 38,000 ரூபாயும் 26 நாளும் போயின. ஒரு சின்ன பிரஷ்ஷை எடுத்து ஓர் ஓட்டைக்குள் விட்டிருந்தால் மிச்சமாகியிருக்கும். அதை யாராவது முன்கூட்டியே எனக்குச் சொல்லியிருக்கலாம். யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

வண்டி டாடா 407 மினி லாரி, 2009 மாடல். 2018இல் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். நாமக்கல் பக்கம் கோழிப் பண்ணைகளில் முட்டை ஏற்றி சேலம், ஈரோடு, கோவை என்று இறக்குவதுதான் பிழைப்பு. உள்ளே இருப்பது 497 எஸ்பி இன்ஜின், 2956 சிசி, போர் (சிலிண்டர் துளையின் விட்டம்) 97 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 100 மி.மீ. பெயரிலேயே அளவு இருக்கிறது: 4 சிலிண்டர், 97 போர், அதனால் 497. பெரிய வண்டிகளில் வரும் 697 என்பது அதே போரில் ஆறு சிலிண்டர். பல வருஷம் ஓட்டிய டிரைவர்களுக்கே இது தெரியாது, எனக்கும் ஐடிஐ படிக்கும்போது வாத்தியார் சொல்லித்தான் தெரியும். டீசல் மெக்கானிக் டிரேடு முடித்து மூன்று வருஷம் ஒரு பட்டறையில் டிராக்டர் வேலை பார்த்தவன் நான். அந்தத் தைரியம்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

2022 ஆடி மாதத்தில் ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வாசல் முழுக்க நீலப் புகை. ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்தது. ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உள்ளேயிருந்து குப்குப் என்று காற்று அடித்தது. எங்கள் பக்கத்தில் இதை பேக் கம்ப்ரஷன் என்போம். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் தேய்ந்து, மேலே இருக்க வேண்டிய அழுத்தம் பிஸ்டனைத் தாண்டிக் கீழே ஆயில் நிற்கும் சம்ப்புக்கு இறங்குகிறது என்று அர்த்தம். ஏன் தேய்ந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஏர் ஃபில்டரைக் கம்ப்ரஸர் காற்றில் ஊதி ஊதியே ஓட்டிக்கொண்டிருந்தேன். வெயிலில் பிடித்துப் பார்த்தபோது காகித மடிப்பில் ஊசி நுழையும் அளவுக்கு இரண்டு ஓட்டை. பண்ணைச் சாலைப் புழுதி அத்தனையும் அந்த வழியாகத்தான் சிலிண்டருக்குள் போயிருக்கிறது. சில நூறு ரூபாய் ஃபில்டரை மாற்றச் சோம்பல்பட்டவன் இன்ஜினையே மாற்றும் நிலைக்கு வந்தேன்.

பட்டறையில் கேட்டேன். ஃபுல் இன்ஜின் என்றால் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் என்றார்கள். ஹாஃப் இன்ஜின், ஃபுல் இன்ஜின் என்று இரண்டு பேச்சு உண்டு. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்கைத் தொடாமல் லைனர் (சிலிண்டருக்குள் போடும் குழாய்), பிஸ்டன், ரிங் மட்டும் போட்டால் ஹாஃப். கிராங்க் கிரைண்டிங், பேரிங், ஹெட் வேலை எல்லாம் சேர்ந்தால் ஃபுல். பேப்பரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன், சாமானுக்கும் லேத் கூலிக்கும் சேர்த்து 65,000க்குள் முடியும் போலிருந்தது. மிச்சம் 45,000 கூலிதானே, அதை நாமே செய்வோம், பதினைந்து நாள் போதும் என்று முடிவு பண்ணினேன். வீட்டில் சொன்னேன். "பிரிக்கிறது நீங்க சரிங்க, சேர்க்கிறது யாருங்க?" என்றாள் மனைவி. சிரித்துவிட்டு ஸ்பேனரை எடுத்தேன்.

இன்னொரு யோசனையும் வந்தது. பழைய இன்ஜின் ஒன்றை 55,000க்கு வாங்கி அப்படியே மாட்டிவிடு என்று நண்பன் சொன்னான். வேண்டாம் என்றேன், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சரியாக யோசித்திருக்கிறேன். இன்ஜின் நம்பர் ஆர்சி புத்தகத்தில் இருக்கிறது. இன்ஜின் மாறினால் மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி ஆர்டிஓ அலுவலகத்தில் பதிய வேண்டும். வாங்கும் இன்ஜின் எந்த வண்டியில் இருந்து வந்தது என்பதற்குக் காகிதம் இல்லையென்றால் எஃப்சி (தகுதிச் சான்று) நேரத்தில் மாட்டிக்கொள்வோம், விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரனும் கேள்வி கேட்பான்.

இறக்குகிற அன்றைக்கே முதல் பாடம். செயின் பிளாக்கை வாடகைக்கு எடுத்து கொட்டகையின் குறுக்கு பைப்பில் மாட்டினேன். ஆடுமாட்டுக்குக் கூரை போட்ட ஜிஐ பைப் அது. இன்ஜின் மவுண்டிங்கை விட்டு ஒரு சாண் எழும்பியதும் பைப் நடுவில் மெல்ல வளைய ஆரம்பித்தது. சத்தமே இல்லை. தகரம் மட்டும் லேசாகக் கிரீச்சிட்டது. தம்பி பார்த்துக் கத்தியதால் உடனே இறக்கினோம். கியர்பாக்ஸ் பக்கம் அப்போது என் கை இருந்தது, இன்றைக்கு நினைத்தாலும் வயிறு கலங்குகிறது. மறுநாள் பந்தல்காரரிடம் கனமான மூன்று கால் ஸ்டாண்டு வாங்கி வந்து தூக்கினோம். கூரையை நம்பி இன்ஜின் தூக்காதீர்கள். ஸ்டாண்டு வாடகை இருநூறு முந்நூறுதான். இறக்கிய இன்ஜினை பழைய லாரி டயர் மேல் உட்கார வைத்தால் ஆடாது, சம்ப்பும் நசுங்காது. தனி இன்ஜின் ஸ்டாண்டு எல்லாம் வேண்டியதில்லை.

பிரிப்பது சுலபம், இரண்டு நாளில் முடிந்துவிட்டது. போல்ட்டுகளை ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முறுக்கு டப்பா என்று போட்டு மேலே மார்க்கரில் எழுதினேன். பைப், வயர், கேபிள் எதைக் கழற்றினாலும் முன்னால் ஒரு போட்டோ. மொத்தம் 212 போட்டோ எடுத்திருந்தேன், அப்படியும் ஆல்டர்னேட்டர் பிராக்கெட்டை மாட்டுவதற்கு அரை நாள் தலையைச் சொறிந்தேன். பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கன்ராடும், அதைக் கிராங்கில் பிடித்து வைக்கும் கேப்பும் ஒரு ஜோடி, அந்த ராடு கேப்பை இந்த ராடில் போடக் கூடாது. நம்பர் தெளிவாக இல்லையென்றால் இரண்டிலும் ஒரே பக்கமாக பஞ்ச்சில் புள்ளி வையுங்கள், ஒன்றாம் சிலிண்டருக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு. மெயின் பேரிங் கேப்புக்கும் இதேதான். டைமிங் கியர்களில் பழைய மார்க் தெரிகிறதா என்று கழற்றுவதற்கு முன்பே பாருங்கள், தெரியவில்லையென்றால் வெள்ளைப் பெயின்ட் வையுங்கள்.

அளந்து பார்த்தபோது போர் மேல்பகுதியில் 97.31 காட்டியது, அடியில் கிட்டத்தட்ட 97தான். எப்போதும் மேலேதான் அதிகம் தேயும், மேல் ரிங் திரும்புகிற இடம் அது. விரலை உள்ளே விட்டு மேலே இழுத்தால் நகத்தில் ஒரு படி தட்டுப்பட்டது. கிராங்க் ஏற்கனவே 0.25 அடித்தது, அதாவது யாரோ ஒருமுறை கிரைண்டிங் செய்து கால் மில்லிமீட்டர் குறைத்திருக்கிறார்கள். இந்த முறை 0.50க்குப் போக வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு 0.75, 1.00 என்று இரண்டு வாய்ப்புதான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கதையில் பின்னால் வரும்.

லேத்துப் பட்டறையில் 11 நாள் ஆனது. மூன்று நாள் என்று சொல்லியிருந்தார்கள். தினமும் போய் நின்றேன், "நாளைக்குங்க தம்பி" என்பார்கள். கோபமாக வரும், ஆனால் அவர்களிடம் முன்னால் இருபது கிராங்க் வரிசையில் நிற்கிறது, என்ன செய்வார்கள். ஒன்று சொல்கிறேன். பிஸ்டன் கிட்டை முதலில் வாங்கி, பிஸ்டனையும் சிலிண்டர்கள் உள்ள இன்ஜின் உடலான பிளாக்கையும் சேர்த்தே கொடுங்கள், அப்போதுதான் ஸ்லீவ் (லைனர்தான்) அடித்து அந்தந்தப் பிஸ்டனுக்குத் தகுந்தபடி போர் செய்ய முடியும். வாங்கும்போது அங்கேயே வைத்து அளந்து பாருங்கள், வெட்கப்படாதீர்கள், நல்ல ஆபரேட்டர் தானே மைக்ரோமீட்டரை எடுத்துக் கையில் கொடுப்பார். கிராங்க் ஜர்னலை, அதாவது பேரிங்கில் சுழலும் உருண்டைப் பகுதியை, இரண்டு இடத்தில், ஒவ்வொரு இடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக அளக்க வேண்டும். ஜர்னல் முடிகிற மூலையில் அந்த வளைவு அப்படியே இருக்கிறதா என்றும் பாருங்கள், அங்கே கத்தி போல வெட்டியிருந்தால் பின்னாளில் கிராங்க் அங்கேதான் ஒடியும். பேரிங் டப்பாவில் 0.50 என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். எனக்கு வந்த செட்டில் ஒரு ஜோடியின் முதுகில் 0.25 என்று பஞ்ச் இருந்தது. கடைக்காரர் பேசாமல் மாற்றிக் கொடுத்தார், அவருக்கே ஆச்சரியம்.

ரிங்கை பிஸ்டனில் போடுவதற்கு முன் தனியாக போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்துச் சமமாகத் தள்ளி, வாயிடைவெளியை ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) பார்க்க வேண்டும். ஒரு இன்ச் போருக்கு 4 தவ் (ஒரு தவ் என்பது இன்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று பழைய கணக்கு, 97 மி.மீ.க்கு 15 தவ் வரும், அதாவது 0.38 மி.மீ. கிட்டோடு வரும் தாளில் அளவு இருந்தால் அதுதான் சரி. இடைவெளி குறைவாக இருந்தால் சூட்டில் ரிங் விரிந்து முனையும் முனையும் முட்டிக்கொண்டு போரைக் கீறிவிடும்.

ஐப்பசி மழை வேறு. ஹோன் செய்து, அதாவது போரின் உள்சுவரில் கல்லால் மெல்லிய கோடு போட்டு, வந்த பிளாக்கை ஒரு ராத்திரி சாக்குப் போட்டு மூடி வைத்தேன், காலையில் நாலு போரிலும் மஞ்சள் துரு பூத்திருந்தது. பச்சை இரும்பு அப்படித்தான், ஈரக்காற்று போதும். லேசாகத்தான் இருந்தது, மறுபடி ஹோன் போட்டுத் தந்தார்கள், 400 ரூபாய். அதன் பிறகு நன்றாகக் கழுவினேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. டீசலோ மண்ணெண்ணெயோ ஊற்றிக் கழுவினால் ஹோன் கல்லின் பொடி போகாது, கோடுகளுக்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும். சோப்புத் தண்ணீரும் சுடுதண்ணீரும் பிரஷ்ஷும்தான் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும் வரை கழுவி, உடனே துடைத்து ஆயில் பூச வேண்டும். என் மனைவியின் பழைய வெள்ளை துப்பட்டா ஒன்று இதில் போயிற்று. பிளாக்குக்கு இத்தனையும் செய்தேன். கிராங்குக்குச் செய்யவில்லை.

கிராங்க் கண்ணாடி மாதிரி மின்னியது. ஆயில் தடவிக் காகிதம் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் கழுவியே வந்திருக்கிறது என்று மனது முடிவு செய்துவிட்டது. பனியன் வேஸ்ட் எடுத்து வெளியே துடைத்தேன், அப்படியே பிளாக்கில் படுக்க வைத்தேன். கிராங்குக்கு உள்ளே பிளாக்கில் உட்காரும் மெயின் ஜர்னலில் இருந்து கன்ராடு மாட்டும் பிக் எண்ட் ஜர்னலுக்குச் சாய்வாக ஆயில் ஓட்டை போகிறது. கிரைண்டிங் கல்லின் பொடியும் கூலன்ட் தண்ணீரும் சேர்ந்து சகதியாகி அந்த ஓட்டைக்குள்தான் இறங்கி நிற்கும். ஐடிஐயில் படித்தது, பரீட்சையில் எழுதியது. கை அழுக்கோடு கொட்டகையில் நின்றபோது ஞாபகம் வரவில்லை.

மாட்டி முடித்து, ஸ்டாப் கேபிளை இழுத்து வைத்து டீசல் போகாமல் செல்ஃப் மட்டும் அடித்தேன். பத்துப் பத்து செகண்டாக அடித்து, நடுவில் செல்ஃப் ஆற விட்டு, ஆயில் பிரஷர் ஏறியதைப் பார்த்த பிறகே டீசல் விட்டேன். இதை எல்லோரும் செய்யுங்கள், புது பேரிங்கை வறண்டு ஓட விடக் கூடாது. ஹேண்ட் பம்ப் அடித்து ஏர் எடுத்து, மறுபடி செல்ஃப். டக் என்று பிடித்தது. 34 நாளுக்குப் பிறகு அந்தச் சத்தம். பையன் ஓடி வந்து ஹாரன் அடித்தான், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்றைக்குச் செலவு 75,600 ஆகியிருந்தது. பத்தாயிரம் கூடத்தான், போகட்டும் என்று இருந்தேன்.

அரை லோடில் சேலம் இரண்டு நடை, ஈரோடு ஒரு நடை போய் வந்தேன். புகை இல்லை, இழுவை அருமை. நாலாவது நடை கோவைக்கு முதல் ஃபுல் லோடு, ஆயிரம் தட்டு, தட்டுக்கு 30 வீதம் முப்பதாயிரம் முட்டை. பெருந்துறை தாண்டியதும் ஆயில் பிரஷர் முள் கொஞ்சம் இறங்கியது போல இருந்தது. மீட்டர் பழசு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விஜயமங்கலம் டோல்கேட்டுக்கு முன்னால் அடியிலிருந்து கட்டை உரலில் இடிப்பது போல ஒரு சத்தம். ஆக்ஸிலரேட்டரை எடுத்தாலும் நிற்கவில்லை. ஓரம் கட்டி ஆஃப் பண்ணினேன். அதற்குள் காரியம் முடிந்துவிட்டது. முள் இறங்கியபோதே நிறுத்தியிருந்தால் பேரிங்கோடு போயிருக்கும்.

மத்தியான வெயிலில் ரோட்டோரம் நின்று ஆயிரம் தட்டை இன்னொரு வண்டிக்கு மாற்றினோம். உடைந்ததற்கும் தாமதத்துக்கும் 9,000 பிடித்தம். ரெக்கவரி வண்டிக்கு 6,500. கயிற்றில் கட்டி இழுத்து வரும்போது ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி யாரிடமும் பேசாமல் வந்தேன். இரண்டு நாள் கொட்டகைப் பக்கமே போகவில்லை. வீட்டில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மூன்றாம் நாள், நான் முன்பு வேலை பார்த்த பட்டறையின் பெரியவர் வந்தார். இப்போது வேலையை விட்டுவிட்டார், எழுபது வயதுக்கு மேல். சம்ப்பைக் கழற்றினோம். மூன்றாம் நம்பர் பிக் எண்ட் பேரிங் கருகி செம்பு தெரிந்தது, ஜர்னலில் சீப்பு இழுத்தது போலக் கோடுகள். சம்ப்பின் அடியில் சாம்பல் நிறப் பசை. அதில் காந்தத்தை வைத்து இரும்புத் தூளை எடுத்துவிட்டு, மிச்சத்தைக் கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்துத் தேய்த்தார். நறநற என்றது. நகத்தை என் முன்னால் நீட்டினார், பளபளப்பு போய்க் கோடு விழுந்திருந்தது. "இது கல்லுப்பொடி கண்ணு. கிராங்க் ஓட்டையில கம்பி விட்டுப் பாத்தியா?" என்றார். கிராங்கை வெளியே எடுத்து, நாலாம் நம்பர் ஓட்டையில் மெல்லிய கம்பியை விட்டு இழுத்தேன். கோலமாவு குழைத்தது போல சாம்பல் சகதி கம்பியோடு வந்தது. அந்த ஓட்டை இன்னும் மூன்று நடை தாங்கியிருக்குமோ என்னவோ.

லேத்துக்காரர்களிடம் போய்க் கத்தினேன். "கிரைண்டிங் எங்க வேலைங்க, கழுவி மாட்டறது ஃபிட்டர் வேலைங்க" என்றார்கள். அப்போது எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர்கள் சொன்னது சரி, ஃபிட்டர் நான்தான்.

இரண்டாம் முறை கிராங்க் 0.75க்குப் போயிற்று. இனி ஒரே ஒரு வாய்ப்பு பாக்கி. மூன்றாம் நம்பர் கன்ராடு மாற்றினேன். வந்ததும் ஒவ்வொரு ஓட்டையையும் பிரஷ் விட்டு, சோப்புத் தண்ணீர் விட்டு, கம்ப்ரஸர் காற்று அடித்து, மறுமுனையில் வெள்ளைத் துணி பிடித்துப் பார்த்தேன். சில இன்ஜின் கிராங்குகளில் ஓட்டையின் முனையில் பிளக் இருக்கும், அதைக் கழற்றிக் கழுவி, புது பிளக் போட்டே மூட வேண்டும். பிளாக்குக்குள் ஆயில் ஓடும் பெரிய ஓட்டையான மெயின் ஆயில் கேலரிக்கும் அப்படித்தான். ஆயில் பம்ப்பைத் திறந்து பார்த்தேன், சம்ப் வலையைக் கழுவினேன். பழைய சகதி ஓடிய எந்த இடத்தையும் விடவில்லை. பனியன் வேஸ்ட்டைக் கொட்டகையை விட்டே துரத்திவிட்டேன், அதன் நூல் ஓர் ஓட்டையை அடைக்கப் போதும். நூல் உதிராத பழைய வேட்டித் துணிதான் இப்போது. பேரிங் இடைவெளியைப் பார்க்க பிளாஸ்டிகேஜ் வாங்கினேன், மெழுகு இழை மாதிரி இருக்கும், ஜர்னல் மேல் வைத்துக் கேப்பை, இறுக்கத்தின் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் முறுக்கிக் கழற்றினால் நசுங்கிய அகலம் அளவைச் சொல்லிவிடும். ஜர்னல் விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு, 60 மி.மீ. ஜர்னல் என்றால் 0.06, ஒரு தலைமுடி கனம். அந்தத் தலைமுடி இடைவெளியில்தான் நான் கல்லுப்பொடியை ஓட விட்டிருக்கிறேன்.

ஹெட் போல்ட்டை நடுவிலிருந்து ஆரம்பித்து வெளியே சுற்றிச் சுற்றி மூன்று தவணையாக முறுக்கினேன், முதல் முறையும் அப்படித்தான், அதில் தப்பில்லை. இந்த முறை 50 கிலோமீட்டரிலேயே ஆயில் ஃபில்டரைக் கழற்றி மடிப்புகளை விரித்து டார்ச் அடித்துப் பார்த்தேன். மினுக்கல் கொஞ்சம் இருந்தது, புது ரிங்குக்கு அது சகஜம். 500இல் ஆயில் மாற்றினேன். முதல் முறை ஆயிரத்தில் மாற்றலாம் என்று வைத்திருந்தேன், 50இல் ஃபில்டரைப் பார்த்திருந்தால் கதை வேறு.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். முதல் சுற்று 75,600, இரண்டாம் சுற்று 38,000, மொத்தம் 1,13,600. பட்டறை கேட்டது 1,10,000. அறுபது நாள் வண்டி ஓடவில்லை, இரண்டு கடன் தவணை கட்ட மனைவியின் வளையல் அடகுக்குப் போய் தை மாதம்தான் திரும்பியது. டார்க் ரெஞ்ச் மட்டும் மிச்சம் என்று வைத்துக்கொள்ளலாம். இதே வேலையைப் பத்து நாளில் பட்டறை முடித்திருக்கும், ஐம்பது நாள் லோடு ஓடியிருப்பேன். செய்தே தீர வேண்டும் என்றால் கைவசம் இரண்டு மாதத் தவணைக்குப் பணம் வைத்துக்கொண்டு, அனுபவமுள்ள ஒருவரை கிராங்க் படுக்க வைக்கும் நாளில் மட்டுமாவது கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெரியவர் என் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டரில்தான் இருந்தார். ஐடிஐ படித்தவன் போய்க் கேட்பதா என்ற நினைப்பு எனக்கு.

அதன் பிறகு வண்டி 41,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. ஏர் ஃபில்டரை ஊதுவதில்லை, மாற்றிவிடுகிறேன். அந்த ஓட்டைகளைக் கழுவிய பிரஷ் பையனின் தண்ணீர் பாட்டிலோடு ஸ்ட்ரா கழுவ வந்தது. அவன் இன்னும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.